பெத்தவங்க கையெழுத்து கிடைக்குமா? திருநர் பிள்ளைகளுக்கு முதல் கதவு வீடுதான்!

ஆலங்குளம்:

"அம்மா, நான் பையன் இல்ல, பொண்ணு" என்று பிள்ளை வந்து சொன்னால் பெற்ற தாய் என்ன செய்வார்? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார கிராமங்களில் "ஊர் என்ன பேசும்" என்ற பயம்தான் முதலில் வரும்.

ஆனால் சட்டம் தேடுவது ஊரை அல்ல, பெற்றோரைத்தான்.

திருநர்களை மூன்றாம் பாலினமாக 2014 ஏப்ரல் 15-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அங்கீகரித்தது. 2019-ல் மத்திய அரசு தனி சட்டம் கொண்டு வந்தது. அடையாள சான்றிதழுக்கு கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். 18 வயது ஆகாதவருக்கு பெற்றோரோ பாதுகாவலரோதான் மனு கொடுக்க வேண்டும் என்றது அந்த சட்டம். அதாவது, ஆலங்குளத்து பிள்ளையின் மனு விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு போகணும்னா, முதலில் வீட்டில் மனசு மாறணும்.

திருநர் என்பதற்காக பிள்ளையை பெற்றோரிடம் இருந்து பிரிக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. பெற்றோரே விரட்டினால்?

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், வீட்டை விட்டு வெளியேறி, பரதத்தில் சாதித்து 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். சேலம் பிரித்திகா யாசினியும் வீட்டை விட்டு சென்னைக்கு போனவர்தான். ஐகோர்ட்டு வரை போராடி, 2017-ல் எஸ்.ஐ. ஆனார். வீட்டை இழந்த எல்லோராலும் இப்படி ஜெயிக்க முடியுமா? வீடு ஏற்றுக்கொண்டால் பிள்ளையின் சாப்பாடும் படிப்பும் நிற்காது.

ஊர் வாயை மூட முடியாதுதான். ஆனால் "நீ என் பிள்ளைடா கண்ணு" என்று சொல்ல, பெத்தவங்களுக்கு யார் அனுமதியும் வேண்டாமே!