பொடியைச் சொல்கிறீர்கள், கொதியை ஏன் சொல்வதில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு சமையல் வீடியோ அனுப்பியிருந்தாள். "மெக்சிகன் பீன்ஸ், ரொம்ப ஈஸி டீச்சர்" என்று குறிப்பு வேறு. ஊறவைத்த ராஜ்மா, ஒரு பாக்கெட் மெக்சிகன் மசாலாப் பொடி, அரை பாட்டில் தக்காளி சாஸ். எல்லாவற்றையும் ஸ்லோ குக்கரில் போட்டு, குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் விட வேண்டுமாம். பொடியைப் பற்றி மட்டும் மூன்று நிமிடம் பேசுகிறார் அந்தத் தம்பி. ராஜ்மா தளதளவென்று கொதிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

இப்படிச் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தவள் நான். அதனால்தான் இந்தக் கோபம்.

சில வருடங்களுக்கு முன் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் மகள் வீட்டில் இருந்தபோது நடந்தது. இதே மாதிரி ஒரு வீடியோ. இதே ஸ்லோ குக்கர். பீன்ஸ் நடுவில் லேசாகக் கடிபட்டது. "சத்து அப்படியே இருக்கும்" என்று நானே சமாதானம் சொல்லி வீட்டுக்காரருக்கும் பரிமாறினேன். இரண்டு மணி நேரத்தில் இருவருக்கும் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பீன்ஸைக் கொதிக்க வைத்தீர்களா?" தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று 34 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள், என் பாத்திரம் கொதிக்கவே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. வேகாத நான்கைந்து விதைகளே போதும், ஆளைப் படுக்க வைத்துவிடும். 80 டிகிரி அளவில் வெறுமனே சூடானால் நச்சு குறையாது, பச்சை விதையில் இருப்பதைவிடக் கூடவும் கூடும். ஸ்லோ குக்கரின் குறைந்த சூடு அப்படித்தான். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்துத் துறை. நம் பிரஷர் குக்கர் 100 டிகிரிக்கு மேலேயே போகும். முழுதாக வெந்தால் பயமில்லை.

இப்போது "மெக்சிகன்" என்ற பெயருக்கு வருகிறேன்.

மகளின் எதிர்வீட்டு அம்மா மெக்சிகோவின் ஒவாக்கா பகுதிக்காரர். என் வயதுதான் இருக்கும். நான் படுத்த கதையைக் கேட்டு, அடுத்த வாரம் தன் அடுப்படிக்குக் கூப்பிட்டார். மகள்தான் மொழிபெயர்ப்பாளர். கறுப்பு பீன்ஸ், தண்ணீர், பாதி வெங்காயம், இரண்டு பல் பூண்டு, உப்பு, வாட்டிய அவகாடோ இலை ஒன்று. அவ்வளவுதான்! அந்த இலைக்கு லேசான சோம்பு வாசம். மெக்சிகோவின் நடுப்பகுதிகளில் எபசோத்தே என்ற வாசனைக் கீரை போடுவார்களாம். பொடி எங்கே என்று கேட்டேன். சிரித்தார்.

பாக்கெட்டில் வரும் சீரகமும் மிளகாய்த்தூளும் கலந்த வாசம் பெரும்பாலும் டெக்சாஸ் வாசம். "சில்லி கான் கார்னே" 1977-இல் டெக்சாஸின் மாநில உணவாகவே அறிவிக்கப்பட்டது. அது நல்ல சாப்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மெக்சிகோ வீடுகளில் தினமும் வேகும் பீன்ஸ் அது இல்லை. அவர்கள் "ஃப்ரிஹோலெஸ் தே ஒயா" என்கிறார்கள். பானை பீன்ஸ் என்று அர்த்தம். பெயரே பானையைத்தான் சொல்கிறது, மசாலாவை இல்லை.

"பன்றிக் கொழுப்பு இல்லாமல் அசல் ஆகாது" என்று சிலர் கிளம்புவார்கள். பன்றி அந்த மண்ணுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு. பீன்ஸ் அதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பிருந்தே அங்கே விளைகிறது. சோளமும் பீன்ஸும் பூசணியும் ஒரே நிலத்தில் சேர்ந்து வளரும். மில்பா என்று அதற்குப் பெயர். பீன்ஸ் கொடி சோளத்தட்டையைப் பிடித்து ஏறும், வேர் முடிச்சுகளால் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும். சோளத்தில் குறைகிற லைசின் பீன்ஸில் இருக்கிறது. ஏழையின் தட்டு அப்படித்தான் நிறைந்தது. நம் ராஜ்மாவும் அதே இனம்தான்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு என் முறை:

1. ஒரு டம்ளர் ராஜ்மாவை இரவே ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

2. புதுத் தண்ணீர் நான்கு டம்ளர், பாதி வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய், உப்பு. உப்பை முதலில் போட்டால் வேகாது என்பது தவறு. வேகவிடாமல் தடுப்பது புளிப்பும் உப்புத்தண்ணீரும் (அதாவது சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்று நீர்) வருடக்கணக்கில் கடையில் கிடந்த பழைய பயறும்தான். தக்காளி, எலுமிச்சை எல்லாம் வெந்த பிறகு.

3. குக்கரில் ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். ஐந்து விதைகளை எடுத்து நசுக்கிப் பாருங்கள். ஒன்று கடிபட்டாலும் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள்.

4. முதல் நாள் அந்தச் சாறோடு கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிடுங்கள். மறுநாள் மிச்சத்தை, எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு போட்டு, கீரை மத்தால் கடைந்து சுருட்டுங்கள். அதுதான் "ரெஃப்ரிதோஸ்". அந்த "ரெ"வுக்கு மெக்சிகோவில் "நன்றாக" என்று பொருள். இரண்டு முறை வறுத்தது என்பது தப்பான மொழிபெயர்ப்பு.

பொடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் காசு, உங்கள் நாக்கு. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துச் சமைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும், பொடியின் பெயரை நான்கு முறை சொல்லிவிட்டுக் கொதிக்க வைப்பதை விட்டுவிடுவது பொறுப்பில்லாத வேலை. வகுப்பில் இப்படிப் பாதிப் பாடம் நடத்தியிருந்தால் தலைமை ஆசிரியர் என்னைச் சும்மா விட்டிருப்பாரா?

அந்த வீடியோவின் கீழே இதைப் பணிவாக எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வீட்டில் ஸ்லோ குக்கர் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை அனுப்புங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், சண்டைக்கும் தயார். முதலில் ராஜ்மா வெந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.