வீட்டுக் காரியமும் கல்விதான்

"படிக்கிற பிள்ளையை வேலை ஏவாதே!" இது எங்கள் வீட்டில் என் தாத்தா போட்ட சட்டம். மாவு அரைத்து வரவோ, நியாய விலைக் கடையில் நிற்கவோ, மின் கட்டணம் கட்டவோ என்னை அனுப்ப மாட்டார்கள். நான் புத்தகத்தைத் திறந்தால் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாழைத் தோட்டத்தில் தார் சுமந்தவரின் பேரன் பட்டம் வாங்கப் போகிறான் என்றால் அந்த வீட்டில் அவனுக்குத் தனி மரியாதைதானே!

அந்த மரியாதையை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நண்பர்களே! அந்தச் சட்டம் அன்பினால் பிறந்தது; ஆனாலும் தவறானது. அதனால் எங்கள் வீடு பட்ட பாட்டைச் சொல்லி, ஒரு கருத்தை உங்கள் முன்னே வைக்க விரும்புகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது தாத்தா காலமானார். வீட்டிலேயே, உறக்கத்திலேயே போய்விட்டார். சுடுகாட்டுக் காரியம் முடிந்தது. பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தோம். ஓராண்டுக்கும் மேல் ஆன பிறகு, நான் இக்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பாயி தன் தகரப் பெட்டியிலிருந்து ஓர் அஞ்சலகச் சேமிப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் தாத்தா பெயரில் 23,000 ரூபாய் இருந்தது.

"இது என்னன்னு கேட்டுட்டு வாடா சாமி. எங் காரியத்துக்காவது ஆகும். நாளைக்கு உங்கப்பன் எவங்கிட்டயும் போயி நிக்கக் கூடாது" என்றார்.

அஞ்சலகத்தில் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். எங்களிடம் இல்லை. தாத்தா இறந்ததை நாங்கள் எங்கும் பதிவு செய்யவே இல்லை!

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் ஆண்டே வந்தது. இறப்பு நேர்ந்த 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணமின்றிப் பதிவு செய்வார்கள். அது தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம். ஓராண்டுக்குள் என்றால் அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் கோட்டாட்சியரின் ஆணை பெற வேண்டும். கிராமத்தில் வீட்டில் நேரும் இறப்பை நம் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடமே பதியலாம். எங்கள் வீட்டிலிருந்து அவர் அலுவலகம் நடந்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை நடக்காததால் மனு, 'பதிவில் இல்லை' என்ற சான்று, விசாரணை, அறிக்கை என்று அலைய வேண்டியதாயிற்று.

அலைந்தேனா? உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் அலையவில்லை. "தேர்வு இருக்கிறது" என்று ஒரு முறை சொன்னேன். "செய்முறை வகுப்பு" என்று ஒரு முறை சொன்னேன். பருவத் தேர்வு முடிந்த மறுநாள் மனுவைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக அப்பாயிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அன்று நண்பர்கள் முக்கொம்பு போகலாம் என்றார்கள், போய்விட்டேன். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் நின்றுகொண்டு, ஆர்தர் காட்டன் 1830-களில் மேலணை கட்டியதையும், 2018 ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடத்தில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதையும் நண்பர்களுக்கு எடுத்துரைத்தவன் நான்தான். இத்தனை ஆண்டுகளை நினைவில் வைத்தவனுக்கு, வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது 21 நாள் என்ற ஒரு கணக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாலையில் வீடு திரும்பியபோது அப்பாயி ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டுமே கேட்டார்.

பிறகு நான் மனுக் கொடுத்தேன். ஏழெட்டு முறை நடந்தேன். கோப்பு நகர்ந்துகொண்டிருந்தபோதே, சென்ற கார்த்திகையில் அப்பாயியும் போய்விட்டார். அவர் காரியத்திற்கு அப்பா முப்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்கு மூன்று வட்டி. எது நடக்கக் கூடாது என்று அப்பாயி நினைத்தாரோ அதுவே நடந்தது. முக்கொம்புக்குப் போன அந்த ஒரு நாளால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு நாளும் இதில் சேர்த்திதான்.

இங்கே ஒரு நண்பர் கேட்கலாம்: "நாம் படிக்க வந்தோமா, மனு எழுத வந்தோமா?" நியாயமான கேள்விதான். குடும்ப வேலைகளால் படிப்பை இழந்தவர்கள் நம் வகுப்புகளிலேயே உண்டு. விடியற்காலையில் பூக்கட்டிவிட்டு வரும் தோழியர் உண்டு. இரவில் கடையில் நின்றுவிட்டு முதல் மணி நேரத்தில் தூங்கி வழியும் தோழர் உண்டு. அவர்களுடைய சுமையைக் கூட்ட நான் சொல்லவில்லை. ஆண்டிற்கு நாலைந்து நாள் வரும் எழுத்து வேலையைப் பற்றித்தான் பேசுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாததால் நம் பெற்றோர் கூனிக் குறுகி நிற்கும் இடங்களைப் பற்றிப் பேசுகிறேன்.

"இ-சேவை மையம் இருக்கிறதே, பணம் கொடுத்தால் அவர்களே செய்துவிடுவார்களே" என்று இன்னொருவர் சொல்லலாம். மையத்தில் இருப்பவர் நாம் சொல்வதைத்தான் தட்டச்சுச் செய்வார். எதைக் கேட்க வேண்டும், எந்த நாளுக்குள் கேட்க வேண்டும் என்பது நமக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

ஆனால் எல்லாவற்றையும் பிள்ளையே செய்து கொடுப்பதும் சரியன்று. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் அம்மா. அப்பாயி இறந்த ஐந்தாம் நாள், இறப்பைப் பதிவு செய்ய நான் கிளம்பியபோது, "நானும் வர்றேன், எனக்கும் தெரியட்டும்" என்றார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். நான் விவரங்களை எழுதி முடித்ததும் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். "ரேஷன் கார்டுல அத்தை பேரு இப்படி இல்லையே, ஓர் எழுத்து மாறுதே" என்றார். ஆதார் அட்டையைப் பார்த்து நான் எழுதியிருந்தேன். இரண்டு அட்டையிலும் பெயர் வேறு வேறாக இருந்ததை மாதாமாதம் கடைக்குப் போகும் அவர்தான் கவனித்திருக்கிறார், பி.எஸ்ஸி. படிக்கும் நான் கவனிக்கவில்லை! இரண்டையும் காட்டிக் கேட்டு, எது சரியோ அதை எழுதினோம். இந்த முறை நாங்கள் 21 நாளுக்குள் போயிருந்ததால் ஒரு ரூபாய்கூடச் செலவின்றிச் சான்றிதழ் கிடைத்தது.

அடுத்து வாரிசுச் சான்றிதழுக்காக இருவரும் தாலுகா அலுவலகம் போனோம். 2021-இல் வந்த கட்டணமில்லாப் பயணத்தால் அம்மாவுக்குப் பேருந்துச் செலவில்லை. எனக்கு மட்டும் சீட்டு வாங்கினோம். அலுவலகத்தில் வேலை முடியப் பிற்பகலாயிற்று. எதிரே இருந்த உணவகத்தில் ஆளுக்கொரு தோசை சாப்பிட்டோம். "கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து ஓட்டல்ல உக்காந்து சாப்பிட்டது இது மூணாவது தடவை" என்றார் அம்மா. எனக்குத் தொண்டை அடைத்தது. நான் நண்பர்களோடு உணவகம் போன கணக்கு என்னிடம் இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாத குற்றம் ஏட்டின் மேல் இல்லை. அதைச் சமையலறைக்குக் கொண்டு போகாத நம் மேல்தான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, நம் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு. அத்திட்டமும் 1969-இல்தான் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் ஆண்டிற்கு 120 மணி நேரம் பணி செய்கிறோம். ஏழு நாள் முகாமில் மரம் நடுகிறோம், கோயிலைக் கூட்டுகிறோம். அதில் ஒரு மாலைப் பொழுதை, ஊர் மக்களுக்குப் பதிவுகளையும் படிவங்களையும் விளக்குவதற்கு ஒதுக்கலாமே! இரண்டாவது, உங்களுக்கு. இந்த விடுமுறையில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எல்லார் பெயரும் எல்லா அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா? சேமிப்புப் புத்தகத்தில் வாரிசு நியமனம் இருக்கிறதா? மூன்றாவது, எந்த அலுவலகத்திற்குப் போனாலும் வீட்டில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

அஞ்சலகப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை. சென்ற வாரம் அது பற்றிக் கேட்க ஒரு நாள் விடுப்பு எடுப்பதாகச் சொன்னேன். "நீ காலேஜுக்குப் போ. அங்க என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, தாள்களை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அம்மா தனியாகவே கிளம்பினார்.

தாத்தாவின் சட்டம் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்று வந்திருக்கிறது: ஒருவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிய வேண்டும்! உங்கள் வீட்டிலும் அச்சட்டம் வரட்டும், நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்