கையொப்பத்தின் கனம்

விமான நிறுவனங்கள் பராமரிப்புப் பதிவேடுகளைப் பேண வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஏடு இருந்துவிட்டால் மட்டும் பாதுகாப்பு உறுதியாகுமா? 1996 மே 11இல் மியாமியிலிருந்து புறப்பட்ட வலுஜெட் விமானம் புளோரிடாச் சதுப்பு நிலத்தில் வீழ்ந்து 110 பேர் மாண்டனர். வேறு விமானங்களிலிருந்து கழற்றப்பட்டு, அதன் சரக்கறையில் ஏற்றப்பட்ட ஒட்சிசன் உற்பத்திக் கலன்களே தீக்குக் காரணமாயின. அவற்றுக்குக் காப்பு மூடிகள் இடப்பட்டதாக வேலை அட்டைகளில் கையொப்பம் இருந்தது, மூடிகளோ இடப்படவில்லை. அனுப்புச் சீட்டும் கலன்கள் வெறுமையானவை என்றே கூறிற்று.

ஒரு தாளின் வாசகம் மனித வாழ்வைத் தீர்மானிப்பதை அகதிகளாகிய நாம் நன்கறிவோம். ஆகவே, பரிசோதகர்கள் ஏட்டைப் புரட்டுவதோடு அமைதல் ஆகாது. எழுதியபடி வேலை நடந்துள்ளதா என்பதைப் பணிமனைக்கே சென்று ஒப்புநோக்க வேண்டும். பொய்க் கையொப்பமிட்டவரோடு, அவரை அவசரப்படுத்திய நிருவாகமும் பொறுப்புக் கூற வேண்டும்.