வசந்தம் இல்லாத ஊருக்கு வசந்த மண்டபம் எதுக்குங்க?

வருஷா வருஷம் பங்குனி கடைசி ஆனா போதும், ஒரு ஜோக் தூசி தட்டிக்கிட்டு எழுந்து வந்துடும். "சென்னைக்கு மூணே சீசன்தான்: ஹாட், ஹாட்டர், ஹாட்டஸ்ட்." எங்க அண்ணன் காலேஜ் படிச்ச காலத்துல மெயில் ஃபார்வர்டா வந்துச்சாம். எனக்கு வாட்ஸப்புல வருது. வண்டிதான் மாறுது, சரக்கு அதேதான்.

ஜோக்குன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா இதை நிஜம்னு நம்புறவங்க நிறைய. "நமக்கெல்லாம் ஏதுப்பா வசந்தம்? அதெல்லாம் ஜப்பான்லயும் ஐரோப்பாவுலயும். இங்க பனி முடிஞ்சா நேரா அடுப்புதான்." இதைச் சொல்றது படிக்காதவங்க இல்லை. நாலு ஊரு பார்த்து, நாலு புஸ்தகம் படிச்ச ஆளுங்க. நம்ம வலையுலக மக்களும் இதுல அடக்கம். உள்குத்து எல்லாம் இல்லை, நேர்க்குத்துதான் :-)

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். நமக்கு வசந்தம் உண்டு. இப்போ, சித்திரை பிறந்து கத்திரி தொடங்கறதுக்கு முன்னாடி இருக்குற இந்த ரெண்டு மூணு வாரத்துல, உங்க தெருமுனையிலேயே நடந்துக்கிட்டு இருக்கு. அதைப் பார்க்காம விடுறதால போறது வெறும் ரசனை மட்டும் இல்லை. மரமே போகுது. எப்படின்னு கீழே சொல்றேன்.

முதல்ல பேரை எடுத்துக்குவோம். தமிழ்ல பெரும்பொழுது ஆறு. அதுல சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். கவனிச்சீங்களா? ரெண்டு பேருலயும் வேனில் இருக்கு. அதாவது வெயில் இருக்கு. ஆங்கிலேயனோட வசந்தம் குளிர் முடியறதைக் கொண்டாடுற காலம். நம்மளோடது வெயிலோட இளமைக் காலம். மே மாச ஆரம்பத்துல இருந்து மாசக் கடைசி வரைக்கும் போற அக்னி நட்சத்திரம்கூட கணக்குப்படி இந்த இளவேனிலுக்குள்ளதான் விழுது. இதை வகுத்தவங்களுக்கு வேர்க்கவே இல்லையா என்ன? வேர்த்திருக்கும். ஆனா அவங்க பருவத்துக்குப் பேர் வெச்சப்போ அண்ணாந்து மரத்தையும் பார்த்தாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

இப்போ நாம என்ன செய்யறோம்? இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு மார்ச், ஏப்ரல், மே மூணும் ஒரே மூட்டை, மழைக்காலத்துக்கு முந்தைய பருவம். வசந்தம்னு ஒரு பேரே அந்தப் பட்டியல்ல கிடையாது. மழையைக் கணிக்கிறவங்களுக்கு அது போதும், அவங்க மேல தப்பு இல்லை. இன்னொரு பக்கம் பள்ளிக்கூட ஆங்கிலப் பாட்டுல பனி உருகி மஞ்சப்பூ பூக்குது. நம்ம ஊருல பனி உருகலை, அந்த மஞ்சப்பூவும் இல்லை, ஆகவே வசந்தம் இல்லை. என்னா லாஜிக்! டெஸ்ட் கேஸை லண்டன்ல எழுதிட்டு, மாம்பலத்துல ஓட்டிப் பார்த்து ஃபெயில்னு சொல்ற கதை.

சரி, வசந்தமே இல்லாத ஊருல கோயிலுக்குக் கோயில் வசந்த மண்டபம் எதுக்குங்க? வசந்த உற்சவம் எதுக்கு? மதுரையில 17ஆம் நூற்றாண்டுல திருமலை நாயக்கர் கட்டின புதுமண்டபம் வசந்த விழாவுக்காகவே கட்டினது. மண்டபத்தைச் சுத்தித் தண்ணி நிறுத்த இடம் விட்டுக் கட்டினாங்க, நடுவுல சாமி குளுகுளுன்னு உக்காரணும்னு. வெயில் இருக்குன்னு வசந்தத்தையே கேன்சல் பண்ணலை. வெயிலையும் சேர்த்து டிசைன் பண்ணாங்க.

இனி தெருவுக்கு வாங்க.

புங்க மரத்துல ஆரம்பிப்போம். சென்னையில தடுக்கி விழுந்தா புங்கைதான். கொஞ்ச நாளைக்கு முன்னாடி இலையெல்லாம் உதிர்த்துட்டு பரிதாபமா நின்னது, இப்போ பளபளன்னு இளம்பச்சை. கூடவே வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த குட்டிக் குட்டிப் பூ. காலையில போய்ப் பாருங்க, மரத்தடி பூரா பொரி கொட்டின மாதிரி இருக்கும். இந்த உவமை என்னோடது இல்லை, புங்கம்பூவைப் பொரின்னு சொல்றது சங்கப் பாட்டுலயே உண்டு. ரெண்டாயிரம் வருஷமா அதே மரம், அதே பொரி.

அடுத்து வேம்பு. சாயங்காலம் காத்து திரும்பும்போது இனிப்பும் கசப்புமா லேசா ஒரு வாசனை வருமே, அது இதுதான். மாடியில பழைய வேட்டியை விரிச்சுப் போட்டு, விழுற பூவைச் சேர்த்து, காய வெச்சு, டப்பாவுல அடைச்சு வருஷம் பூரா ரசம் வெச்ச ஜனங்க நாம. இப்போ சித்திரை ஒண்ணாந்தேதி பச்சடிக்கு சூப்பர் மார்க்கெட்ல பாக்கெட் வாங்குறோம். வாங்கிட்டுத் திரும்பி வர்ற வழியில அதே பூ தலையில கொட்டுது, தட்டி விட்டுட்டு வர்றோம்.

மூணாவது வாகை. "தேர்தலில் வாகை சூடினார்", "கிரிக்கெட்டில் வாகை சூடியது" என்று பேப்பர்காரங்க எழுதாத நாள் இல்லை. ஜெயிச்சவங்க சூடின பூ அது. அந்தப் பூவைப் பார்த்தவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். பவுடர் பஃப் மாதிரி, பச்சையும் வெண்மையும் கலந்த பட்டு நூல் பந்து. ராத்திரியில நல்ல வாசம். போன வருஷத்துக் காய்ஞ்ச காய் இன்னும் தொங்கிக்கிட்டு காத்துல கலகலன்னு சத்தம் போடும், அதுக்கு நடுவுல புதுப் பூ. ஏப்ரல், மேதான் அதோட காலம். நம்ம மொழியில வெற்றிக்கே பேர் கொடுத்த பூ தெருவோரமா பூத்து, ஆட்டோ சக்கரத்துல அரைபடுது. நாம செய்தியில வாகை சூடிக்கிட்டு இருக்கோம்.

அப்புறம் சரக்கொன்றை. சரம் இப்பத்தான் இறங்க ஆரம்பிச்சிருக்கு, கத்திரியில பாருங்க, இலையே தெரியாம மஞ்சளா நிக்கும். இதுக்குக் காரணமும் உண்டு. நம்ம ஊரு மரங்கள் பலதும் வறண்ட காலத்துல இலையைக் கொட்டிடும், தண்ணியை மிச்சம் பிடிக்க. இலை மறைக்காதப்போ பூத்தா தேனீக்கும் வண்டுக்கும் தூரத்துல இருந்தே தெரியும். வெயில் ஏற ஏற மரம் வாடிப்போய் பூக்கலை. வெயிலுக்காகக் காத்திருந்து பூக்குது. வெயில் வரட்டும்னு பயந்துக்கிட்டு உக்காந்திருக்கிறது நாம மட்டும்தான்.

இப்போ ஜப்பானுக்குப் போவோம், நீங்க எப்படியும் அங்க போகத்தான் ஆசைப்படுறீங்க :-) விசா, டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டு சகுரா பார்க்கப் போறவங்களை நான் குறை சொல்லலை. பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனா அங்கிருந்து போட்டோ மட்டும் எடுத்துட்டு வர்றீங்களே, அவங்க அந்தப் பூவை எப்படிப் பார்க்கறாங்கங்கறதையும் எடுத்துட்டு வாங்க. டோக்கியோவுல யாசுகுனி ஆலயத்துல ஒரு குறிப்பிட்ட செர்ரி மரம் இருக்கு. வானிலைத் துறை ஆள் போய்ப் பார்த்து, அந்த மரத்துல அஞ்சாறு பூ மலர்ந்திருந்தாதான் "டோக்கியோவில் சகுரா பூத்தது"ன்னு அறிவிப்பாங்க. அது தேசியச் செய்தி. கியோட்டோவுல இன்னும் ஒரு படி மேல. அரண்மனை ஆட்களும் துறவிகளும் எழுதின நாட்குறிப்புல இருந்து, எந்த வருஷம் எந்த நாள் செர்ரி முழுசாப் பூத்ததுன்னு 9ஆம் நூற்றாண்டு வரைக்கும் பின்னோக்கித் திரட்டி வெச்சிருக்காங்க. யசுயுகி அவோனோங்கற ஆய்வாளர் பல வருஷம் உக்காந்து செஞ்ச வேலை. அதனாலதான் 2021ல மார்ச் 26ஆம் தேதி முழுசாப் பூத்தப்போ, 1200 வருஷத்துப் பதிவுல இதுதான் ரொம்ப சீக்கிரம்னு அவங்களால சொல்ல முடிஞ்சது. பூமி சூடாகுதான்னு பட்டிமன்றம் நடத்த வேண்டிய அவசியமே இல்லை, லாக் ஃபைல் கையில இருக்கு.

பொட்டி தட்டுற மக்களுக்குப் புரியும். லாக் எழுதாத சிஸ்டத்துல எப்போ என்ன கெட்டுதுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நம்ம வசந்தம் லாக் இல்லாத சிஸ்டம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேணாம், பக்கத்துல கேரளாவைப் பாருங்க. விஷுக்கணிக்குக் கொன்றைப் பூ வேணும். ஏப்ரல் மத்தியில பூக்க வேண்டியது பிப்ரவரியிலேயே பூத்துக் கொட்டினா அங்க பேப்பர்ல வருது, டீக்கடையில பேசிக்கறாங்க. ஏன்? அவங்களுக்கு அந்தப் பூவோட ஒரு தேதி குறிச்சிருக்கு. வர வேண்டியவங்க சொன்ன நாள்ல வரலைன்னாதானே தேடுவோம்?

நமக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. குறுந்தொகை 66ஆம் பாட்டை எடுத்துப் பாருங்க. கார்காலத்துல வர்றேன்னு சொல்லிட்டுப் போனவனைக் காணோம், கொன்றை பூத்துடுச்சு, தலைவி கலங்கறா. தோழி சொல்ற சமாதானம் என்ன தெரியுமா? இது கார் இல்லைடி, காலம் தப்பிப் பெஞ்ச மழையைப் பார்த்து அந்த மக்கு மரம் ஏமாந்து பூத்துடுச்சு. ஒரு மரம் தேதி தப்பிப் பூத்ததை வெச்சு ஒரு பாட்டே எழுதற அளவுக்குக் கவனிச்சிருக்காங்க. இன்னிக்கு மரம் ரெண்டு மாசம் தப்பிப் பூத்தாலும் நம்ம தோழிக்குத் தெரியாது.

மரமே போகுதுன்னு சொன்னேனே, அதுக்கு வர்றேன். நான் குடியிருக்கிற அடுக்ககத்துல ரெண்டு புங்க மரம் இருக்கு. போன வாரம் சங்கத்து குரூப்புல ஒரு யோசனை வந்தது. பூ கொட்டி கார் அழுக்காகுதாம். கூட்டுறவங்க ரெண்டு தடவை கூட்ட வேண்டியிருக்காம். தேனீ வருதாம், குழந்தைகளுக்கு ஆபத்தாம். அதனால ரெண்டையும் எடுத்துட்டு, தொட்டியில அழகுப் பனை வெச்சுடலாமாம். குப்பை போடாத மரம்! பதினாலு தம்ஸ் அப். காரை அந்த மரத்தடியில நிறுத்துறதே அந்த நிழலுக்காகத்தானேன்னு கேட்டேன். ஒருத்தர் சிரிப்பு பொம்மை போட்டார். அடுத்த மாசக் கூட்டத்துல ஓட்டெடுப்பு.

இவங்க யாரும் மரத்தை வெறுக்கிறவங்க இல்லை, அதுதான் விஷயம். அதுல ஒரு சார் போன வருஷம் சகுரா போட்டோ நூறு போட்டவர். அங்க உதிர்ற இதழைக் "கவிதை"ன்னாரு. இங்க உதிர்ற இதழைக் "குப்பை"ங்கறார். ரெண்டும் மரத்துல இருந்துதான் சார் விழுது. அதுக்குப் பேர் வெச்சிருக்காங்க, இதுக்கு நாம பேரை மறந்துட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். பேர் இல்லாத பூவைக் குப்பைன்னு சொல்றது ரொம்ப சுலபம். குப்பை கொட்டற மரத்தை வெட்டுறது அதைவிட சுலபம்.

"மொட்டை வெயில்ல பைக்ல அலையறவன்கிட்ட போய் வசந்தம்னு சொல்லிப் பாரு"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அண்ணே, ரெண்டு ஆர்டருக்கு நடுவுல டெலிவரி பையன் எங்க வண்டியை நிறுத்துறான்னு பார்த்திருக்கீங்களா? இஸ்திரி வண்டி எங்க நிக்குது? இளநீர்க்காரர் எங்க கடை போட்டிருக்கார்? ஏசி ரூம்ல இருக்கிற எனக்கும் உங்களுக்கும்தான் இது ரசனை. அவங்களுக்கு அது கூரை. மத்த மரம் மொட்டையா நிக்கிற நேரத்துல புங்கை தளிர்த்து நிழல் தர்றதுதான் அவங்க வசந்தம். வெட்டினா முதல்ல வெயில்ல நிக்கப்போறது அவங்க.

அதனால கட்டளை மாதிரி ஒரு வேண்டுகோள். ஆபீசுல ஆணி எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை. உங்க வீட்டுக்கோ ஆபீசுக்கோ பக்கத்துல ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்க. ஒரே ஒரு மரம். பேர் தெரியலைன்னா இஸ்திரிக்காரர்கிட்ட கேளுங்க, கூகிளைவிட வேகமாச் சொல்வார். முதல் பூ என்னிக்கு, முழுசாப் பூத்தது என்னிக்கு, கொட்டி முடிஞ்சது என்னிக்கு. மூணு தேதி. உங்க பதிவுல எழுதி வைங்க. அடுத்த வருஷமும் எழுதுங்க. முறையாச் செய்யணும்னா சீசன்வாட்ச்னு ஒரு திட்டம் இருக்கு, வாரம் ஒரு தடவை ஒரு மரத்தோட இலை, பூ, காய் எப்படி இருக்குன்னு பதியலாம். கேரளத்துப் பள்ளிக்கூடப் பசங்க நிறையப் பேர் செய்யறாங்க. நாம சினிமா விமர்சனம் எழுதற வேகத்துல பாதி இருந்தா போதும்.

என் மரம் அந்த ரெண்டு புங்கையில கேட்டுக்குப் பக்கத்துல இருக்கறது. முதல் பூ ஏப்ரல் 6. இன்னும் முழுசாப் பூக்கலை. மூணாவது தேதியை நான் எழுதறதுக்குள்ள ஓட்டெடுப்பு வந்துடும். பதினாலு பேர் அந்தப் பக்கம் இருக்காங்க. வீடு வீடாப் போய்ப் பேசப் போறேன்.

உங்க மரம் எது? பின்னூட்டத்துல பேரும் தேதியும் சொல்லுங்க. "எங்க ஊருல வசந்தமே இல்லை"ன்னு மட்டும் யாராவது எழுதினீங்க, கும்மிதான் :))