காமிராவுக்கு மூன்று கால் வேண்டும்!

பகலில் வாசலில் எடுத்த படம் பளிச்சென்று இருக்கிறது. மாலையில் கூடத்தில் எடுத்த படமோ கலங்கிக் கிடக்கிறது. "இந்தக் காமிரா மட்டம், விலை கூடியதாக வாங்க வேண்டும்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

பெரும்பாலும் குற்றம் காமிராவிடம் இல்லை. அதைப் பிடித்த கையிடம் இருக்கிறது!

யாருடைய கையும் சிறிது ஆடத்தான் செய்யும். நல்ல வெயிலில், ஒரு வினாடியில் 500-இல் ஒரு பங்கு நேரத்திலேயே படம் பதிந்துவிடும். ஆட்டம் தெரியாது. வெளிச்சம் குறைந்தால் கால் வினாடி, அரை வினாடிகூட ஆகும். அதற்குள் கை அசைந்தால் படம் கெட்டது.

இதற்கு மருந்து முக்காலி. கடையில் 'டிரைபாட்' என்பார்கள். மேடு பள்ளத்தில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று கால்களும் எந்தத் தரையிலும் பதிந்து நிற்கும்.

இது புதிய சங்கதி அல்ல. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் பிடித்தார். அந்நாளில் படம் பதிய நெடுநேரம் ஆகும். பெரிய காமிராவைத் தாங்கியில் நிறுத்தித்தான் எடுக்க முடியும்.

இன்றும் தாம்பரத்துக்கு அருகே, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பறவைகளைப் படம் எடுப்போர் பலர் முக்காலியோடுதான் வருகிறார்கள். பூநாரை தூரத்தில் நிற்கும். அதைக் கிட்டே காட்டும் லென்ஸ், கையின் ஆட்டத்தையும் பெரிதாக்கிக் காட்டும்!

சரி, எதை வாங்குவது?

முதலில் எடை. காமிராவும் லென்சும் சேர்ந்து 2 கிலோ என்றால், 4 கிலோ தாங்கும் முக்காலியாகப் பாருங்கள்.

அடுத்து உயரம். நடுத்தண்டைத் தூக்காமலே கண் மட்டத்துக்கு வருவது நல்லது. தண்டு உயர்ந்தால் ஆட்டமும் வரும்.

மூன்றாவது, உறுதி. கடையிலேயே கால்களை விரித்து நிறுத்துங்கள். தலையில் கை வைத்து லேசாகத் திருகுங்கள். நெளிந்தால் வேண்டாம்.

அலுமினியம் விலை குறைவு, எடை கூடுதல். கார்பன் இழை இலேசு, விலை அதிகம். வீட்டு உபயோகத்துக்கு அலுமினியமே போதும். செல்போனில் எடுப்பவர்கள் அதைக் கவ்விக்கொள்ளும் பிடியையும் கேட்டு வாங்குங்கள்.

விரலால் பட்டனை அமுக்கும்போதும் காமிரா அசையும். ஆகவே 2 வினாடி டைமர் வையுங்கள். 10 வினாடி வைத்தால், படம் எடுக்கும் அப்பாவும் ஓடிவந்து குடும்பத்தோடு நிற்கலாம்!

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஓடும் குழந்தையை முக்காலி நிறுத்திவிடாது. அதற்கு நல்ல வெளிச்சம்தான் வேண்டும்.

காமிராவும் செல்போனும் சில வருஷங்களில் பழசாகிவிடும். நல்ல முக்காலி அடுத்த காமிராவுக்கும் உதவும். வீட்டுப் பெரியவர்களின் படமோ, பின்னால் திரும்ப எடுக்க முடியாதது. புதுக் காமிராவுக்குக் கடன் வாங்குமுன், கையில் உள்ள காமிராவுக்குக் கால் வாங்கிக் கொடுங்கள்!