இடம் மாறாத இலக்கம்

வீடு மாறுகின்றவர் தம் நண்பர் யாவர்க்கும் புதிய முகவரியை எழுதி அறிவித்தல் வேண்டும். தபாற்பெட்டி இலக்கம் உடையவர்க்கோ அக்கவலை இல்லை. அவர் எத்தெருவிற் குடியிருப்பினும் இலக்கம் அதுவே. கணினி மொழிகளிலும் இத்தகைய ஓர் ஏற்பாடு உண்டு. அதனை இவ்வாரம் நோக்குவோம்.

அமெரிக்காவில், பேர்க்லியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த ஜோன் ஓஸ்டர்ஹவுட் என்பார் 1988 ஆம் ஆண்டில் ‘ரிக்கிள்’ என்னும் மொழியை ஆக்கத் தொடங்கினார். எழுதிய வரிகளை உடனே இயக்கிப் பார்க்கத்தக்க எளிய மொழி அது. திரையிற் சாளரம் அமைத்தல் போன்ற பணிகள் அதன் உட்கருவில் இல்லை. அவற்றுக்கெனச் ‘சீ’ மொழியில் எழுதப்பெற்ற நீட்சிகளை, ஓடிக்கொண்டிருக்கும்போதே அது தன்னுடன் இணைத்துக்கொள்ளும்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றியது. நீட்சியானது மொழியின் செயற்கூறுகளை அழைத்தே தன் கருமத்தை முடிக்கவேண்டும். ஆயின், ஒரு பதிப்போடு நேரே பிணைக்கப்பெற்ற நீட்சி அப்பதிப்பையே பற்றி நிற்கும். புதிய பதிப்பு வந்ததும் அதனை மூலநிரலிலிருந்து மீண்டும் தொகுத்தல் வேண்டும். மூலநிரல் கைவசம் இல்லாதார் யாது செய்வர்? எழுதியவர் வேறு தொழிலை நாடிச் சென்றிருப்பின், பல்லாண்டு உழைப்பு ஒரு நாளிற் பயனற்றுப் போகுமன்றோ?

1999 இல் வெளிவந்த 8.1 ஆம் பதிப்பு இதற்கு வழி கண்டது. ‘ஸ்ரப்ஸ்’ என்பது அம்முறையின் பெயர். மொழி தன் செயற்கூறுகளின் முகவரிகளை ஓர் அட்டவணையில் வரிசையாக வைத்திருக்கும். நீட்சி உள்ளே வந்ததும் அவ்வட்டவணை இருக்குமிடத்தை முதலிற் கேட்டறியும். பின்னர் எச்செயற்கூற்றையும் பெயரால் அழையாது, இத்தனையாம் இலக்கத்தில் உள்ளது என்றே அழைக்கும். செயற்கூறு நினைவகத்தில் எங்கே குடிபுகுந்தாலென்ன? இலக்கம் மாறுவதில்லை.

இம்முறையின் உயிர்நாடி ஒரு வாக்குறுதியே. புதியவை அட்டவணையின் இறுதியிற் சேர்க்கப்படும். பழையவற்றின் இடம் அசைக்கப்படாது. எனவே, முன்னைய 8 ஆம் வரிசைப் பதிப்புக்கென இம்முறையில் ஆக்கிய நீட்சி, அவ்வரிசையின் பின்னைய பதிப்பிலும் மீண்டும் தொகுக்கப்படாமலே இயங்கலாயிற்று. 2024 இல் வந்த 9.0 ஆம் பதிப்பில், அளவுகளைக் குறிக்கும் எண்கள் பெரிதாக்கப்பட்டமையால், அட்டவணையும் மாறிற்று. அப்போதும் பழைய நீட்சி உட்புகுந்து பிழையான விடை தருவதில்லை. அட்டவணையின் அடையாள எண்ணைச் சரிபார்த்து, பொருந்தாது என வாயிலிலேயே நின்றுவிடுகின்றது.

மாணவர்காள்! நாம் எழுதும் சிறு நிரலையும் நாளை ஒருவர் நம்பியிருத்தல் கூடும். அவர் நம்பியிருக்கும் இலக்கத்தை மாற்றுமுன் ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக. மாற்றியே ஆகவேண்டின், அதனை அவர்க்கு வெளிப்படையாக அறிவிப்போமாக.