வானத்து முழக்கமும் அதிகாரிகளின் மௌனமும்

2020-ஆம் வருஷம் மே மாதம் 20-ஆம் தேதி பிற்பகலில் பெங்களூர் நகரத்தின்மேல் ஒரு பேரொலி எழுந்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன. கொள்ளைநோய்க் காலத்தில் ஏற்கெனவே கலங்கியிருந்த ஜனங்கள் இது என்னவோவென்று திகைத்தனர். பூகம்பம் என்றனர் சிலர். அன்று வங்கக் கரையைத் தாக்கிய அம்பான் புயலின் விளைவு என்றனர் வேறு சிலர். விண்கல் என்றும், வேற்றுலகத்தார் வருகை என்றும்கூட வதந்திகள் பரவின. பூகம்பத்தைக் கண்காணிக்கும் நிலையத்தாரோ, தம் கருவிகளில் நில அதிர்ச்சி ஏதும் பதியவில்லை என்றனர். நகரப் போலீஸ் கமிஷனரும் விமானப் படையை விசாரித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

மாலையில்தான் ராணுவ இலாகாவின் விளக்கம் வந்தது. பரிசோதனைக்காகச் சென்ற விமானப் படை விமானம் ஒன்று, 36,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ஒலியினும் மிக்க வேகத்திலிருந்து வேகத்தைக் குறைத்தபோது இவ்வொலி எழுந்திருக்கலாம் என்றும், விமானம் 65 முதல் 80 கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும் இது கேட்கக்கூடும் என்றும் கூறினர். விமானம் ஒலியை முந்திச் செல்கையில் காற்றின் அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, ஒரே அதிர்ச்சியாய்ப் பூமியை அடைகின்றன. விஷயம் இவ்வளவே.

வானத்து முழக்கம் நம் தேசத்திற்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில், இன்று வங்காளதேசத்திலுள்ள பாரிசால் பிரதேசத்தில் கடற்பக்கத்திலிருந்து பீரங்கி வெடிப்பதுபோன்ற ஒலி பலமுறை கேட்டது. அலை மோதும் ஓசை, நில அதிர்ச்சி, பூமிக்கடியிலிருந்து வெளிப்படும் வாயு என்று அறிஞர் பலவாறு கூறினர். முடிவான விடை இன்றளவும் இல்லை. அங்கே உண்மையை ஒருவரும் அறியார். பெங்களூரிலோ அறிந்தவர்கள் இருந்தார்கள். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அதிகாரிகள் உணரவேண்டும்.

ராணுவ ரகசியம் என்று சிலர் சமாதானம் கூறுவர். மாலையில் வெளியிட்டதைப் பகலிலேயே வெளியிட்டால் சத்துருவுக்கு என்ன லாபம்? நகரமே கேட்ட ஒலியில் ரகசியம் ஏது?

இது வெறும் குதூகலத்திற்குரிய விஷயமும் அன்று. 2013 பிப்ரவரி 15-ஆம் தேதி ரஷ்யாவிலுள்ள செல்யாபின்ஸ்க் நகரத்தருகே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் வானிலேயே வெடித்தது. ஒளி முதலில் தோன்றிற்று. அதிர்ச்சி ஒரு நிமிஷத்திற்கும் மேல் கழித்தே வந்தது. ஒளியைக் கண்டு ஜன்னலருகே வந்து நின்றோர் பலர். சுமார் 1,500 பேர் சிகிச்சை நாடினர். பெரும்பாலோரைக் காயப்படுத்தியது உடைந்த கண்ணாடியே. ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் தம் பிள்ளைகள் 44 பேரையும் மேசைகளுக்கடியில் பதுங்கச் செய்தார். அவர் காயமுற்றார், பிள்ளைகளோ தப்பினர். சமயத்தில் ஒருவர் சொன்ன ஒரு சொல்லின் பயன் இது!

பெங்களூரில் 2021 ஜூலையிலும் இத்தகைய ஒலி கேட்டது. ஜனங்கள் மீண்டும் பூகம்பமோவென்று அஞ்சினர். ஆகையால் நாம் வற்புறுத்துவது இதுவே. இத்தகைய ஒலி எழுந்த ஒரு மணி நேரத்திற்குள் விமான அதிகாரிகள் போலீஸாருக்கும் பூகம்ப நிலையத்திற்கும் தகவல் தரவேண்டும். அத்தகவல் ஜனங்களின் பாஷையில் உடனே வெளிவரவேண்டும். ஜனங்கள் வதந்தியை நம்புகிறார்கள் என்று குறைகூறும் அதிகாரிகள், உண்மையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு குறைகூறட்டும்.